ரேணுகாவின் வயசு

அத்தியாயம் 14

ஆனிப் பௌர்ணமி வியாழக்கிழமையில் வந்தது. காலை எட்டரைக்கெல்லாம் நாகமணி திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நின்றாள். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் பேத்தி ரோஷினிக்கு இளைய மகள் சுகப்பிரியா தைத்த மஞ்சள் கவுன், ஒரு பொட்டலம் சீரணி மிட்டாய், ஆறு வாழைப்பழம்.

மூத்த மகள் ரேணுகாதேவி பிரசவத்தில் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. குழந்தை பரளச்சியில் அப்பன் வீட்டிலேயே வளரட்டும், அம்மாச்சி பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பெரியவர்கள் அப்போதே பேசி முடித்திருந்தார்கள். அதற்குமேல் நாகமணியும் கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை.

இந்தத் தடவை கொண்டுபோவதற்கு நல்ல சேதி ஒன்றும் இருந்தது. இளையவள் சுகப்பிரியாவுக்கு வடக்கே ஒரு பெரிய டிசைன் காலேஜில் சீட்டு கிடைத்துவிட்டது. நாலு வருஷப் படிப்புச் செலவைக் கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. பிள்ளையை அத்தனை தூரம் அனுப்புவதா என்று எட்டு நாள் யாரோடும் பேசாமல் திரிந்த அவள் அப்பா சண்முகவேல்கூட, போன ஞாயிற்றுக்கிழமை தன் பாத்திரக்கடையிலிருந்து ஒரு புதுத் தட்டும் டம்ளரும் கொண்டுவந்து, "ஆஸ்டலுக்கு ஆகும்" என்று மகள் முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை ராத்திரி மதுரையில் ரயில்.

பரளச்சியில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள், எதிரே மருமகன் மாரிச்செல்வத்தின் பைக் வந்தது. முன்னால் டேங்கின்மேல் ரோஷினி உட்கார்ந்திருந்தாள். அவர் தலையைத் திருப்பாமல் போனார். குழந்தை மட்டும் அம்மாச்சியை அடையாளம் கண்டு கையை ஆட்டியது. நாகமணியும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். மிட்டாய்க்கு அடம் பிடித்திருப்பாள், கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தாள்.

சம்பந்தி முத்துலட்சுமி வாசலில் இருந்தாள். வழக்கமாக "வாங்க மதினி" என்று எழுந்து வருகிறவள், இன்று வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

அரைமணி நேரம் போனது. மழை இல்லை, உழுது போட்ட காடு அப்படியே காய்கிறது என்று நாகமணிதான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். பதில் ஒற்றைச் சொல்லாக வந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"பிள்ள இன்னும் வரலையே மதினி?"

"வராது. நீங்க பஸ் ஏறினப்பறம்தான் வரும்."

முத்துலட்சுமி மடியிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடித் தட்டி, நாகமணியின் கையில் வைத்தாள்.

போனில் சுகப்பிரியா பேசிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போய்வந்த கோச்சிங் சென்டரின் பெயர் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. பேச்சுக்கு நடுநடுவே சோகமாக வயலின் வாசித்திருந்தார்கள். மேலே, "அக்காவின் கனவை வென்றெடுத்த தங்கை" என்று சிவப்பு எழுத்தில் ஓடியது.

"எங்க வீட்ல நல்லா வரையறது எங்க அக்காதான். இப்படி ஒரு காலேஜ் இருக்குன்னு எனக்குச் சொன்னதே அவதான். கொரோனா டைம்ல, அவளுக்குப் பதினேழு வயசு இருக்கும்போது, எங்க அம்மாவும் அப்பாவும் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. அடுத்த வருஷமே பிரசவத்துல இறந்துட்டா. இருந்திருந்தா இந்த நாற்காலியில அவதான் உக்காந்திருப்பா."

பிறகு ரேணுகாவின் போட்டோ வந்தது. பள்ளிக்கூட யூனிபாரத்தில், ரெட்டைச் சடையோடு. நாகமணி அதற்குமேல் பார்க்க முடியாமல் போனை மடியில் கவிழ்த்தாள்.

நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்றாள் முத்துலட்சுமி. கீழே என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெத்தவர்களை ஜெயிலில் போட வேண்டும் என்று ஒருவர். கட்டினவனையும் அவன் ஆத்தாளையும் சேர்த்துப் போட வேண்டும் என்று இன்னொருவர். மாரிச்செல்வத்துக்கு நரிக்குடியில் ஒரு பெண் பேசி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். நேற்று அந்த வீட்டிலிருந்து போன் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

முத்துலட்சுமி கத்தவில்லை. கத்தியிருந்தால் நாகமணிக்கு லேசாக இருந்திருக்கும்.

"நா அவளக் கொன்னேனா மதினி? ஆம்புலன்ஸுல அவ தலைய மடியில வச்சுக்கிட்டுப் போனது நானு. உங்களுக்கு முன்னாடி அழுதது நானு."

"மதினி, சத்தியமா எனக்கு இது…"

"உங்க மக அத எடுக்கணும். எடுத்துட்டு, நா சொன்னது தப்பு, எங்க அக்காவுக்கு அப்ப பத்தொம்பது வயசுன்னு அவ வாயாலயே சொல்லணும். அதுக்கப்பறம் நீங்க வாங்க, பேத்தியப் பாருங்க. இல்லாட்டி இந்த வாசலுக்கு வராதீக."

நாகமணி எழுந்து பையை நாற்காலியில் வைத்தாள். கவுனையாவது பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். முத்துலட்சுமி பையை எடுத்து, கோபமில்லாமல், மறுபடியும் அவள் கையிலேயே மாட்டிவிட்டாள்.

திரும்பும் பஸ் கண்மாயை ஒட்டித்தான் போகும். கரையில் ஒரு கருவேல மரத்தடியில் அந்த பைக் நின்றது. மாரிச்செல்வம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரோஷினி ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். நாகமணி சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. சத்தம் வரவில்லை. கரை முடிந்து ரோடு திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று. சுகப்பிரியா நடுவீட்டில் உட்கார்ந்து, இன்டர்வியூவுக்குக் கொண்டுபோன படம் வரைந்த அட்டைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அதுக்குள்ள வந்துட்ட? கவுனு பத்துச்சா?"

நாகமணி பையைக் கீழே வைத்தாள். "வீடியோவப் பாத்தேன்" என்றாள்.

சுகப்பிரியாவின் கை அப்படியே நின்றது. அவளுக்கே திங்கட்கிழமைதான் தெரியுமாம். தெரிந்த அன்றே அதை எடுத்துவிடச் சொல்லி சென்டரில் கேட்டிருக்கிறாள். எடுத்துவிடுவார்கள், வீட்டுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நம்பி மூன்று நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"ஊரெல்லாம் கேக்குற மாதிரி அதச் சொல்லணும்னு உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

மகள் அட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை.

அந்த சென்டரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மட்டும் இலவசம். வரைவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இன்டர்வியூவுக்குப் பழக்கும்போதுதான் தடுக்கியது. ஏன் டிசைன் படிக்க வருகிறாய் என்று சார் கேட்பார். சின்ன வயதிலிருந்தே வரையப் பிடிக்கும் என்பாள். இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள் என்று நிறுத்திவிடுவார். டவுனுப் பிள்ளைகள் மியூசியம் பார்த்திருக்கும், லேப்டாப் வைத்திருக்கும், இங்கிலீஷில் பொளந்து கட்டும், உன்னிடம் என்ன இருக்கிறது, உன் கதை என்ன என்று கேட்பார். அவள் அப்பா கடைப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அது கதை இல்லை என்றார். ஒருநாள் அவள் போனில் இருந்த ரேணுகாவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். அவள் சொன்னாள். வகுப்பே கப்சிப்பென்று ஆகிவிட்டது.

"இதத்தாம்மா சொல்லணும்னாரு. அடுத்த வாரமும் சொல்லச் சொன்னாரு. மொதல்ல என்னால முடியல. அழுதுருவேன். தண்ணி குடுத்து, மறுபடியும் சொல்லச் சொல்லுவாரு. ஆறு தடவைக்கு அப்பறம் அழுக வரல. அப்ப சாரு, இப்ப நல்லா வருது, ஆனா கொஞ்சம் கண்ணு கலங்குனா இன்னும் நல்லாருக்கும்னாரு."

"எத்தன தடவடி சொன்ன?"

"பதினோரு தடவ. கடைசித் தடவ, எப்படிப் பேசுறன்னு நீயே பாத்துக்கன்னு சொல்லி வீடியோ எடுத்தாங்க."

நாகமணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். காலேஜிலும் இதைக் கேட்டார்களா என்று விசாரித்தாள்.

இல்லை என்றாள் சுகப்பிரியா. அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அவள் கடையில் செய்ததைப் பற்றியே இருபது நிமிஷம் பேசினார்களாம். எந்த மூடி எந்தச் சட்டிக்கு என்று தெரியாமல் வாங்க வருகிறவர்கள் திணறுவதைப் பார்த்து, அளவுக்கு ஒரு கலரில் சட்டியிலும் மூடியிலும் புள்ளி வைத்திருந்தாள் அவள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஒரே கலரைச் சேர்த்து எடுத்துவிடலாம். இதை எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தாய், கண் மங்கினவர்களுக்கு எந்தக் கலர் தெரியவில்லை என்று துருவித் துருவிக் கேட்டார்கள். போகும்போது ஒரு அம்மா எழுந்து நின்று கை கொடுத்தார்களாம்.

"அக்கா பேரே அங்க வரலம்மா. நா சொல்லவேயில்ல."

மகள் இதைச் சொல்லிவிட்டு அழுதாள். கதை கேட்டது அறக்கட்டளைதான். உதவி பெறும் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, சென்டர் அந்த வீடியோவை அனுப்பிவிட்டது. அதைப் பார்த்துத்தான் நாலு வருஷத்துக்கும் பணம் கட்டச் சம்மதித்தார்கள். அப்புறம் சென்டர்க்காரர்கள் விளம்பரத்துக்கு அதையே ஊருக்கெல்லாம் போட்டுவிட்டார்கள்.

நாகமணிக்கு வேறொரு மத்தியானம் கண்ணில் நின்றது. கொரோனாவில் சண்முகவேலின் அண்ணன் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்த நேரம். நானும் போய்விட்டால் ரெண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று ராவும் பகலும் அதே பேச்சாக இருந்தார் அவர். பள்ளிக்கூடம் இல்லை. பரீட்சை இல்லாமலே பிளஸ் டூவில் எல்லாரும் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். பரளச்சியிலிருந்து கேட்டு வந்தார்கள். இருபது பேர் வந்தால் போதும், வீட்டிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். அன்று அடுப்படியில் ரேணுகா பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஒரே ஒரு வருசம்மா. அந்தக் காலேஜு பரீட்சைய எழுதிப் பாக்குறேன். கெடைக்காட்டி நீங்க சொன்னபடி கேக்குறேன்."

அங்க போயி வரைஞ்சுக்க, யாரு வேணாம்னா என்று நாகமணி சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொம்பதுன்னு சொல்லிரு சுகி. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிரு. எனக்கு அந்தப் பிள்ளையப் பாக்கணும்."

சுகப்பிரியா மறு பேச்சுப் பேசாமல் சாருக்குப் போன் போட்டாள். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. வாம்மா போம்மா என்றுதான் பேசினார். அடுத்த வாரம் அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் பெரிய திரையில் இதைத்தான் போடப் போகிறார்கள், அதனால் எடுப்பதற்கில்லை என்றார். வயதை மாற்றிச் சொன்னால், அப்படியானால் மற்றதும் பொய்தானா என்று கேட்பார்கள், பணம் நின்றுவிடும், இவளுக்கு மட்டுமில்லாமல் அடுத்த வருஷம் வரப்போகிற பத்துப் பிள்ளைகளுக்கும் நின்றுவிடும் என்றார். "உன் எதிர்காலத்த மட்டும் பாரும்மா" என்று பாசமாகவே சொல்லி வைத்தார்.

போனை வைத்ததும் சுகப்பிரியா, கட்டியிருந்த அட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். ரேணுகாவின் பிள்ளையைவிட இந்தக் காலேஜ் பெரிது இல்லை, நான் போகவில்லை என்றாள். போ என்றும் சொல்ல முடியவில்லை, போகாதே என்றும் சொல்ல முடியவில்லை நாகமணிக்கு. அவிழ்த்த கயிற்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரெண்டரைக்கு சண்முகவேல் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, பரளச்சியில் நடந்ததை நாகமணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"திங்கக்கிழமையே பாத்துட்டேன்" என்றார்.

குக்கர் வாங்க வந்த ஒருவர் கடையில் வைத்துக் காட்டினாராம். உங்க பொண்ணுதானே என்றாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பில் போட்டு அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும், கூட்டம் இல்லாத நேரத்தில் பின்பக்கம் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் பார்க்கிறாராம்.

"எதுக்கு அதப் போயி?"

"நீ முழுசாப் பாக்கலையா? கடைசியில ரேணு சிரிக்கும். சுகி எப்பவோ போன்ல எடுத்தது. நாலு செகண்டு. அது சத்தத்தக் கேட்டு மூணு வருசம் ஆச்சுல்ல."

சுகப்பிரியா அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீடியோவை எடுக்கச் சொல்ல வேண்டாம் என்றார் அவர். அப்படியானால் பேத்தியை யார் எனக்குக் காட்டுவார்கள் என்று கேட்டாள் நாகமணி. அவர் தட்டை நகர்த்திவிட்டு, மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

மாசமாக இருந்தபோது ரேணுகாவை சர்க்கார் ஆஸ்பத்திரியில் பதியாமல் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியது எதற்கு என்று நாகமணிக்குத் தெரியும். ஆதார் கேட்பார்கள், வயது தெரிந்துவிடும் என்ற பயம்தான். அவளுக்குத் தெரியாதது, அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது.

"பிள்ளையப் பாத்தா ரொம்பச் சின்னதாத் தெரியுது, உண்மையான வயசச் சொல்லுங்க, அதுக்குத் தக்கனதான் நா பாக்க முடியும்னாக. ரெண்டு தடவ கேட்டாக. ரெண்டு தடவையும் நா இருபதுன்னேன்."



"இன்னொரு தடவ என் வாயால பொய் வராது நாகு. இது வாயாலயும் நா சொல்ல வைக்க மாட்டேன்" என்று சுகப்பிரியாவின் தலையில் கை வைத்தார்.

நாகமணி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நியாயம் இருந்தது, பலம் இல்லை. எழுந்துபோய் அடுப்படியில் நின்றாள். செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அன்று சாப்பாட்டுக்கு அப்புறம் சண்முகவேல் கடை திறக்கப் போகவில்லை. நாலரை மணிக்கு நாகமணியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். பரளச்சியிலிருந்து வேறு யாராவது கூப்பிடுகிறார்களோ என்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தாள்.

ஒரு பெண்ணின் குரல். விருதுநகரிலிருந்து, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. நிதானமான, வயதான குரல். ரேணுகாதேவியோட அம்மாதானே என்று கேட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டு யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். நேரில் வருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம்.

"உங்க பொண்ணோட பிறந்த தேதி என்னம்மா?"

ஸ்பீக்கரில் போடாமலே அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. சண்முகவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகப்பிரியா பதறி எழுந்தாள். அம்மாவின் முன்னால் வந்து நின்று, ரெண்டு கையையும் கூப்பி, பத்தொம்பதுன்னு சொல்லும்மா, ரெண்டு வருசத்தக் கூட்டிச் சொல்லும்மா என்று சத்தம் இல்லாமல் வாயை அசைத்தாள். அப்பாவை ஒன்றும் செய்துவிடக் கூடாது, ரோஷினி கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம் அவள் முகம் பூராவும் இருந்தது.

பைக்கில் போகும்போது கையை ஆட்டிய பிள்ளையை நாகமணி நினைத்தாள். உண்மையைச் சொன்னால் அந்த வாசல் என்றைக்குமாக அடைபட்டுப் போகலாம். இந்த வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கலாம். அடுப்படியில் பின்னால் வந்து நின்றவளை நினைத்தபோது மட்டும் வாய் திறந்தது.

"ரெண்டாயிரத்து நாலு" என்றாள். "மார்ச்சு மாசம் ஒம்போதாந் தேதி. செவ்வாக்கிழம. விடியக்காலம் நாலரை மணி இருக்கும். ரெண்டே முக்கா கிலோ இருந்தா. நெறைய முடி. பொறந்ததும் அழுகல, காலப் பிடிச்சுத் தட்டுனப்பறம்தான் அழுதா."

சுகப்பிரியா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்ததும் அந்தம்மா முன்னைவிடத் தணிந்த குரலில் கேட்டார்.

"சரிம்மா. அவங்க பெத்த குழந்தை இப்ப யார் பொறுப்புல இருக்கு?"